ராக் மேடையிலிருந்து பின்னணி இசைக்கு: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து ஆண்டுகளுக்கு மேல் ராக் பேண்டில் கிட்டார் வாசித்தேன். இப்போது குறும்படம், தமிழ்த் தொலைக்காட்சி நாடகம், சிறுவர் அனிமேஷன் ஆகியவற்றுக்குப் பின்னணி இசை அமைக்கிறேன். பெனின்சுலா கட்டடத்துக் கிட்டார்க் கடைகளிலும் தேக்கா டீக்கடையிலும் இளையவர்கள் என்னை நிறுத்திக் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். நின்ற இடத்தில் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பியது எனக்கே மனக்குறையாக இருந்தது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

அண்ணே, ராக் வாசித்தவனுக்குப் பின்னணி இசை வருமா?

வரும். வந்தவர்களின் வரிசை பெரியது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஆயிங்கோ பாயிங்கோ என்ற பேண்டில் பாடிக்கொண்டிருந்த டேனி எல்ஃப்மனை இயக்குநர் டிம் பர்ட்டன் 1985-இல் தன் முதல் முழுநீளப் படத்துக்கு அழைத்தார். நான்கே ஆண்டுகளில் 'பேட்மேன்' இசையும் 'சிம்ப்சன்ஸ்' தொடரின் முகப்பு இசையும் அவர் கையிலிருந்து வந்தன. 1993-இல் வந்த 'த நைட்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ்' பொம்மைகளை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி எடுத்த படம். அதற்கு இசை மட்டுமா, நாயகனின் பாட்டுக் குரலும் அவருடையதே. டீவோ பேண்டின் மார்க் மதர்ஸ்பா 'ரக்ராட்ஸ்' கார்ட்டூனுக்கும் பிற்பாடு 'த லெகோ மூவி'க்கும் இசையமைத்தார். த போலீஸ் பேண்டின் டிரம்மர் ஸ்டூவர்ட் கோப்லண்ட் 1983-லேயே படத்துக்கு வந்துவிட்டார். நைன் இன்ச் நெயில்ஸின் டிரெண்ட் ரெஸ்னரும் ஆட்டிகஸ் ராஸும் 'த சோஷியல் நெட்வொர்க்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார்கள். 2020-இல் வந்த 'சோல்' அனிமேஷனுக்காக, ஜான் பாட்டிஸ்டுடன் சேர்ந்து, மறுபடியும் வாங்கினார்கள்.

நம் பக்கத்திலும் ஆள் குறைவில்லை. 'ரோஜா'வுக்கு முன்னால் ஏ.ஆர்.ரஹ்மான் சென்னையில் நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவில் இருந்தவர். விளம்பர இசையில் ஆண்டுக்கணக்காகக் கை பழகியவர். '96' படத்தின் கோவிந்த் வசந்தா, தைக்குடம் பிரிட்ஜ் பேண்டின் வயலின்காரர்.

சிங்கப்பூரில் 1992-இல் தமிழ் இளைஞர்கள் தொடங்கிய ருத்ரா, மெட்டல் இசைக்குள் சமஸ்கிருத மந்திரங்களைக் கொண்டுவந்தது. அந்த அடர்த்தியான ஓசையைக் கேட்டு வளர்ந்த காது ஓர் இருட்டான காட்சிக்கு என்ன வேண்டும் என்பதை எளிதில் கண்டுபிடிக்கும். உங்கள் காதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

பேண்டில் பழகியதில் எது கைகொடுக்கும்? எதை விட வேண்டும்?

இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்ததே இதுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கைகொடுப்பது ரிஃப். நாலு சுரத்தில் ஒருவரை அடையாளம் காட்டுவதை நாம் பதினைந்து வயதிலேயே கற்றுக்கொள்கிறோம். படத்தில் அதற்குத் தீம் என்று பெயர். அடுத்தது ஓசையின் நிறம். ஆம்ப்ளிஃபயரின் குமிழை அரை சுற்றுத் திருப்பினால் அதே சுரம் கோபத்திலிருந்து களைப்புக்கு மாறுவதை விரலால் உணர்ந்தவர்கள் நாம். கருவி ஊளையிட்டால் நமக்குப் பயமில்லை, அதையும் இசையாக்குவோம். மூன்றாவது, நாலு பேர் ஓர் அறையில் முட்டி மோதி ஒரு பாட்டைக் கண்டெடுக்கும் பழக்கம். இயக்குநருடன் வேலை செய்வதும் அதேதான்.

விட வேண்டியது நடு இடம். மேடையில் வெளிச்சம் நம் மேல் விழும். படத்தில் அது நடிகரின் முகத்தில் விழுகிறது. நாம் பக்கவாத்தியம். சபாவில் நல்ல வயலின்காரரைக் கவனித்திருக்கிறீர்களா? பாடகர் ஒரு சங்கதியைப் பிடித்ததும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நிழல் போலப் பின்னே வருவார், முந்தவே மாட்டார். மிருதங்கக்காரர் நிரவலின் உச்சத்தில் கையை அடக்கி, 'தீம்' என்று ஒரே ஓர் அடி வைத்துவிட்டு நிறுத்துவார். அந்த அடக்கத்தில்தான் அவருடைய வித்தை முழுவதும் தெரியும். தனி ஆவர்த்தனம் வரும்போது அவருக்கும் இடம் உண்டு. நமக்கு அது முகப்பு இசையும் முடிவில் பெயர்கள் ஓடும் நேரமும்.

எனக்கு இது புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின. முதல் குறும்படத்தில் பல்லவி, சரணம் என்று பாட்டுப் போலவே கட்டி, எட்டு எட்டு பாராக (பார் என்பது ஒரு தாளச் சுற்று) நிரப்பி வைத்தேன். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் படத்தில் பெண் கதவைத் திறக்கும் இடத்தில் என் பாட்டு இடையிசைக்குப் போயிருந்தது; அவள் அழத் தொடங்கும்போது டிரம் உருண்டது. காட்சிக்கு எட்டு பார் கணக்குத் தெரியாது. அழுகைக்கு ஐந்தரை பார் போதும் என்றால் ஐந்தரைதான்.

நோட்டேஷன் படிக்கத் தெரியாது. கதவு மூடிவிட்டதா?

மூடவில்லை. முறையாகப் படிக்காத எல்ஃப்மனுக்கு அவர் பேண்டின் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் பார்டெக்தான் ஆர்க்கெஸ்ட்ரேஷனில், அதாவது எந்தக் கருவி எதை வாசிக்கும் என்று பிரித்து எழுதுவதில், துணை நின்றார். மேடையில் பக்கத்தில் நின்றவர் ஸ்டூடியோவிலும் பக்கத்தில் நின்றது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இருந்தாலும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். வயலின்காரர் முன் உட்கார்ந்து, "இப்படி, ம்ம்ம், இப்படி" என்று பாடிக் காட்டினால் ஸ்டூடியோ நேரம் ஓடிவிடும். கிட்டாரிஸ்டுகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. கிட்டார் இசை எழுதப்படுவதைவிட ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே ஒலிக்கும், அதை அப்படியே செல்லோவுக்குக் கொடுத்தால் எல்லாம் மேலே போய்விடும். நம் தந்திகள் பெரும்பாலும் நாலாம் சுர இடைவெளியில் இருக்கின்றன, வயலினில் ஐந்தாம் சுர இடைவெளி. அதனால் நம் கைக்கு எளிதான கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) அவர்கள் கைக்கு எளிதல்ல. புல்லாங்குழல்காரர் மூச்சு விட வேண்டும்.

படத்துக்கு எழுதுவதற்கும் அனிமேஷனுக்கு எழுதுவதற்கும் என்ன வேறுபாடு?

நடிகரை வைத்து எடுத்த படத்தில் ஏற்கெனவே ஓர் உலகம் ஒலித்துக்கொண்டிருக்கும். பேருந்து போகும், மின்விசிறி சுற்றும், நடிகர் மூச்சு விடுவார். அனிமேஷனில் எதுவுமே இல்லை. காலடிச் சத்தம்கூட யாராவது உண்டாக்கியதுதான். ஆகவே அங்கே இசையின் மேல் விழும் பாரம் அதிகம். சிங்கப்பூரின் ஒன் அனிமேஷன் நிறுவனம் உருவாக்கிய 'ஆட்பாட்ஸ்' தொடரில் வசனமே கிடையாது. ஒலியை நிறுத்திவிட்டு ஓர் அத்தியாயம் பாருங்கள், பிறகு ஒலியுடன் பாருங்கள். நான் சொல்வது விளங்கும்.

இன்னொன்று, அனிமேஷனில் முழுப் படம் நம் கைக்குப் பெரும்பாலும் வராது. அனிமாட்டிக் என்று ஒன்று வரும்: பென்சில் கோட்டுப் படங்களைக் காட்சியின் நீளத்துக்கு அடுக்கி வைத்தது. அதைப் பார்த்து எழுதத் தொடங்க வேண்டும். நடுவே காட்சி 8 ஃப்ரேம் சுருங்கும், 20 ஃப்ரேம் நீளும். மனம் நோகக் கூடாது.

ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் ஒலி என்று ஒட்டி எழுதும் முறைக்கு மிக்கி மவுசிங் என்று பெயர். 1929-இல் டிஸ்னியின் 'த ஸ்கெலிட்டன் டான்ஸ்' படத்துக்கு இசையமைத்த கார்ல் ஸ்டாலிங் பிற்பாடு வார்னர் கார்ட்டூன்களில் அந்தக் கலையை எங்கோ கொண்டுபோனார். அவர் கைவண்ணத்துக்கு முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் எல்லாக் கதைக்கும் அது பொருந்தாது.

ஒரு மாணவர் படத்துக்கு நான் வேலை செய்தேன். நாலு நிமிட அனிமேஷன். லிட்டில் இந்தியாவில் ஒரு பாட்டி பூக்கடையில் உட்கார்ந்து மல்லிகை தொடுக்கிறார். நார் அறுந்து பூக்கள் சிதறுகின்றன. அவ்வளவுதான் கதையின் நடு முடிச்சு. நார் அறும் இடத்தில் நான் பெரிய பவர் கார்டு ஒன்றை வைத்தேன். மூன்று கிட்டார், கீழே பாஸ். அதைப் போட்டுக் காட்டினேன். இயக்கிய தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணே, பாட்டி கை தெரிய மாட்டேங்குது" என்றான். படத்தில் கை தெரிகிறதே என்றேன். "தெரியுது. ஆனா கண்ணு அங்க போகல" என்றான்.

வீட்டுக்கு வந்து அந்த 6 விநாடியை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். அவன் வரைந்த விரல்கள் நார் அறுந்த பிறகும் முடிச்சுப் போடும் அசைவை இரண்டு முறை செய்கின்றன; பழக்கத்தில், காற்றில். அதை என் கார்டு மூடிவிட்டிருந்தது. கடைசியில் என்ன வைத்தேன் தெரியுமா? அதுவரை ஓடிக்கொண்டிருந்த கிட்டார் இசையை நார் அறும் ஃப்ரேமில் நிறுத்தினேன். பிறகு ஆறாவது தந்தியின் சுருளில் பிக்கை வைத்து மெல்ல ஒரு விரற்கடை இழுத்தேன். 'ர்ர்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான் இசை. திரையிட்டபோது என் முன் வரிசையில் இருந்த ஓர் அம்மா தன் கையைத் தானே பிடித்துக்கொண்டார்.

ஃப்ரேம் கணக்கு என்கிறார்களே, அது என்ன? கணக்கில் நான் பலவீனம்.

வகுத்தல் தெரிந்தால் போதும். படம் விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடினால் நிமிடத்துக்கு 1,440. அதை ஒரு பீட்டுக்கு (ஒரு தாள அடிக்கு) எத்தனை ஃப்ரேம் என்பதால் வகுத்தால் டெம்போ, அதாவது நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற வேகம். 12 ஃப்ரேமுக்கு ஒரு பீட் என்றால் 120. 16 ஃப்ரேம் என்றால் 90. 18 என்றால் 80.

அந்தப் பாட்டி காட்சியையே எடுத்துக்கொள்வோம். நார் அறுவது 47 விநாடி 8 ஃப்ரேமில். அதாவது 1,136-ஆவது ஃப்ரேம். என் டெம்போ 90. 1,136-ஐ 16-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 71 பீட். நாலு நாலாக எண்ணினால் 17 பார் போக 3 பீட் மிச்சம். அதாவது நார் அறுவது பாரின் கடைசி பீட்டில் போய் விழுகிறது. எனக்கோ பாரின் தொடக்கத்தில் வேண்டும். டெம்போவைத் தொடாமல், முன்னால் ஓரிடத்தில் ஒரே ஒரு பாரை மூன்று பீட்டாக்கினேன். 19-ஆவது பாரின் முதல் பீட்டும் நார் அறுவதும் ஒன்றாயின. மூன்றும் நாலும் ஏழு. மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்த காதுக்கு இது இடறாது, கேட்டவர் யாரும் கவனிக்கவும் இல்லை. 71 என்று மீதியில்லாமல் வந்தது நல்ல நேரம். மற்ற வேளைகளில் டெம்போவை 90-லிருந்து 89.6-க்கு நகர்த்துவேன். கியூபேஸ், லாஜிக், ரீப்பர் என்று எந்த இசை மென்பொருளிலும் இதைச் செய்யலாம்.

படம் 24 ஃப்ரேமா 25 ஃப்ரேமா என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள். தொலைக்காட்சிக்காக 24-ஐ 25-ஆக வேகப்படுத்தினால் நாலு நிமிடப் படம் 3 நிமிடம் 50 விநாடியாகச் சுருங்கும்.

வசனத்துக்கு அடியில் டிஸ்டார்ஷன் கிட்டார் வைக்கலாமா?

வைக்கலாம், இடம் பார்த்து. பேச்சைப் புரியவைக்கும் ஒலிகளில் பெரும்பகுதி ஏறக்குறைய 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. ஓசையைக் கரகரப்பாக்கிய டிஸ்டார்ஷன் கிட்டாரின் நெஞ்சும் அங்கேயேதான். இரண்டும் மோதினால் பார்வையாளர் ஒலியைக் கூட்டுவார், அப்போது கிட்டாரும் கூடும். அந்தப் பகுதியை ஈக்வலைசரில் குறைப்பது ஒரு வழி. வாசிக்கும்போதே இடம் விட்டு வாசிப்பது நல்ல வழி.

தமிழ் வசனத்துக்கு இன்னொரு கவனம் வேண்டும். நம் மொழியில் வினை கடைசியில் வரும். "அவர நான் மறந்துட்டேன்னு நினைக்காதீங்க" என்று ஒரு பாத்திரம் சொல்கிறது. 'மறந்துட்டேன்னு' வரை ஓர் அர்த்தம், கடைசிச் சொல்லில் அது தலைகீழாகிறது. 'மறந்துட்டேன்' என்ற இடத்திலேயே சோக இசையை ஏற்றிவிட்டால் கதை கெட்டது. வாக்கியம் முடிந்து ஒரு மூச்சு போகட்டும், பிறகு வாருங்கள்.

இயக்குநர் வேறொரு படத்தின் இசையைப் போட்டு எடிட் செய்து, "இதே மாதிரி வேண்டும்" என்கிறார். என்ன செய்வது?

அதற்கு டெம்ப் ட்ராக் என்று பெயர், எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். மாதக்கணக்கில் அதைக் கேட்டவருக்கு அதுவே படமாகிவிடும். கோபப்படாமல், "இதில் உங்களுக்குப் பிடித்தது வேகமா, கனமா, அல்லது அந்த இடத்தில் அமைதியாக இருக்கிறதே, அதுவா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மெட்டு அவருக்கு முக்கியமாக இருக்காது. மெட்டைத் திருடவே திருடாதீர்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வைத்து இதெல்லாம் முடியுமா?

முடியும், நான் ஈசூனில் ஒரு படுக்கையறையில்தான் செய்கிறேன். கிட்டாரை நேராக ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகி ஆம்ப்ளிஃபயர் ஓசையைக் கணினியில் உண்டாக்கினால் பக்கத்து வீட்டுக்குத் தொல்லையில்லை. ஒரு கீபோர்டு, நல்ல ஹெட்ஃபோன், ஒரு மைக். முதலில் இவை போதும். ஆயிரக்கணக்கான வெள்ளிக்குச் சாமான் வாங்கிக் கடனாக வேண்டாம்.

மைக் வைத்துப் பதிவு செய்வதுதான் சிரமம். பகலில் எங்காவது ஒரு மாடியில் சுவரைத் துளைப்பார்கள், அந்த அதிர்வு காங்கிரீட் வழியாகவே வரும். விடியற்காலையில் பதியலாம் என்றால் குயில் கத்தும். ஒருமுறை அக்கூஸ்டிக் கிட்டார்ப் பதிவில் குயில் புகுந்துவிட்டது. காட்சியும் புளோக்கின் கீழ்த்தளத்தில் விடியும் காட்சி. இயக்குநர் அக்கா அதை எடுக்கவே விடவில்லை. இன்னொன்று ஈரப்பதம்: மரக் கிட்டாரைத் திறந்து போட்டு வைக்காதீர்கள், கழுத்து வளைந்துவிடும்.

வேலை எங்கே கிடைக்கும்?

மாணவர்களிடம். லாசால் கலைக் கல்லூரி, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கலை, வடிவமைப்பு, ஊடகப் பள்ளி, பலதுறைத் தொழிற்கல்லூரிகள் ஆகியவற்றில் ஒவ்வோர் ஆண்டும் இறுதியாண்டுப் படங்கள் எடுக்கப்படுகின்றன. அவர்களில் பலருக்கு இசையமைக்க ஆள் இருக்காது. அவர்களுடன் வளருங்கள். எல்ஃப்மனை அழைத்த பர்ட்டனுக்கு அப்போது வயது இருபதுகளில். அடுத்து வசந்தம் ஒளிவழிக்கு நிகழ்ச்சி தயாரிக்கும் நிறுவனங்கள், விளம்பரங்கள், அருங்காட்சியகக் காணொளிகள்.

2023-இல் லூகாஸ்ஃபிலிம் தன் சிங்கப்பூர் ஸ்டூடியோவை மூடுவதாக அறிவித்தபோது பல தம்பிகள் மனம் உடைந்தார்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் அங்கிருந்து வெளியே வந்த கைத்திறன் ஊரைவிட்டு மறைந்துவிடவில்லை; சிறிய குழுக்களைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள்.

சென்னைக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா?

வெள்ளித்திரை ஆசை இருந்தால் போய்ப் பாருங்கள். 2005-இல் வசந்தம் ஸ்டார் பாட்டுப் போட்டியில் வென்ற நம் ஷபீர் 'சகா' படத்துக்கு இசையமைத்தார். அதில் வந்த 'யாயும்' பாட்டில் குறுந்தொகை வரிகளை இளையவர்கள் முணுமுணுக்கக் கேட்டபோது எனக்கு அவ்வளவு பெருமை. ஆனால் அனிமேஷனுக்கு ஊர் ஒரு பொருட்டே இல்லை. கோப்பு போனால் போதும்.

பணம், உரிமை?

எழுத்தில் வாங்குங்கள். என் மூன்றாவது வேலையில் பேச்சோடு பேச்சாக ஒப்புக்கொண்டு ஒரு நிறுவனத்துக்கு 90 விநாடி இசை கொடுத்தேன். ஓராண்டு கழித்து அது வேறொரு விளம்பரத்தில் ஓடியது. என் பெயரும் இல்லை, ஒரு வெள்ளியும் வரவில்லை. கையில் காகிதம் இல்லாததால் வாதாட முடியவில்லை. இன்றைக்கும் அந்த மெட்டை என்னால் நிம்மதியாகக் கேட்க முடிவதில்லை.

சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21 முதல் நடப்பிலிருக்கும் புதிய காப்புரிமைச் சட்டம், படைப்பாளி என்று பெயர் குறிப்பிடப்படும் உரிமையை நமக்குத் தருகிறது. இசைப் படைப்புக்கான காப்புரிமை, இயற்றியவர் காலமான பின் 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். ஆனால் ஒப்பந்தத்தில் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால் போனது போனதுதான். எந்தப் படத்துக்கு, எந்த ஊடகத்தில், எத்தனை காலம் என்று ஒவ்வொன்றாகப் படித்துக் கையெழுத்துப் போடுங்கள். இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் உரிமத்தொகை திரட்டித் தரும் காம்பஸ் அமைப்பில் உறுப்பினராகுங்கள். எந்த இசை எத்தனை விநாடி ஓடியது என்று குறிக்கும் கியூ ஷீட்டை நீங்களே நிரப்பித் தயாரிப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள், யாராவது செய்வார்கள் என்று விடாதீர்கள்.

பேண்டை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். ரேடியோஹெட் பேண்டின் கிட்டாரிஸ்ட் ஜானி கிரீன்வுட் 2007-இல் 'தேர் வில் பி பிளட்' படத்துக்கு இசையமைத்தார், பேண்டிலும் தொடர்ந்தார். தேசிய சேவைக்குப் போன இரண்டு ஆண்டில் எங்கள் பேண்ட் ஒருமுறை கலைந்தது, பிறகு கூடியது. இப்போதும் மாதம் ஒருநாள் ஜாமிங் அறையில் சேர்கிறோம். ஆனால் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு வாசியுங்கள். இது அண்ணனாக நான் கெஞ்சிக் கேட்பது. எனக்கு இடது காதில் ஓயாத ரீங்காரம் உண்டு. மெல்லிய காட்சிகளைக் கலக்கும்போது அதைத் தாண்டித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, நாளைக்கே தொடங்க வேண்டும். என்ன செய்யட்டும்?

கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு போய், உங்கள் அம்மாவோ பாட்டியோ சமையலறையில் வேலை செய்வதை அவர் சம்மதத்துடன் ஒரு நிமிடம் எடுங்கள். வெட்டாதீர்கள். கிட்டாரைத் தொடாமல் மூன்று முறை பார்த்து, எந்த விநாடியில் அவர் முகம் மாறுகிறது என்று தாளில் குறியுங்கள். அந்த இடங்களுக்கு மட்டும் வாசியுங்கள், ஒரே கிட்டார், ஒரே டேக். மறுநாள் அதே காட்சிக்கு இன்னொன்று, முதல் நாள் வாசித்ததில் பாதிச் சுரங்களை எடுத்துவிட்டு. மூன்றாம் நாள் இரண்டையும் வீட்டில் போட்டுக் காட்டுங்கள். இசை எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டாம். "பாட்டி அப்போ என்ன யோசிச்சிட்டு இருந்தாங்க?" என்று கேளுங்கள். வரும் பதிலை அப்படியே குறித்து வைத்துக்கொண்டு, கிட்டாரோடு மறுபடி உட்காருங்கள்.